பத்துக்குப் பதினாலு

பிப்ரவரி 10, திங்கள்

ஈரோட்டு டாக்டர் ஜெயமேரி அம்மையார் இன்று காலை பதினொன்றரை மணிக்கு என்னைச் சரித்திர ஆசிரியராக நியமித்தார். சம்பளம் கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டை என் பக்கம் தள்ளி, தினமும் தலைவலி எப்போது வந்தது, பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை, எத்தனை மாத்திரை என்று எழுதிக்கொண்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். நாற்பது பக்கம் என் தலைவலியின் முன்னுரைக்கே காணாது. ஆனாலும் பெண்கள் கேட்டால் நான் மறுப்பதில்லை.

சரித்திரம் என்றால் நாயகனின் பெருமை முதலில் வர வேண்டும். சென்னியப்பன், வயது ஐம்பத்திரண்டு, பவானி பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்தாறு வருடங்களில் இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மீதிப் பாதிப் பேர் அவர்களுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

நெற்றியைச் சுற்றி யாரோ ஒருவன் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதுபோல் கயிறு போட்டு இறுக்குகிறான். பின்கழுத்தில் முடிச்சு. டாக்டரம்மா தலையை அமுக்கிப் பார்த்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, இதற்கு டென்ஷன் தலைவலி என்று பெயர் என்றார். என் டென்ஷனுக்கு ஒரு பெயர் போதுமா? ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறதே.

வலி மாத்திரை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாதாம். மேலே போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். இரவுக்கென்று புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். தூக்கம் வரும், முதல் கொஞ்ச நாள் காலையில் வண்டி ஓட்டுவதில் கவனம் என்றார். கடைசியாக, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

வெள்ளையாக, கொத்தமல்லி விதையை விடச் சிறியதாக ஒன்று இருக்கிறது. அதை மாத்திரை என்று சொல்வது அதை அவமதிப்பது. பதினாலு மாதமாகக் குடும்ப உறுப்பினர் அது.

பிப்ரவரி 11

வலி: பத்துக்குப் பதினாலு. மாத்திரை: ஒன்று.

பிப்ரவரி 13

வலி பத்துக்குப் பன்னிரண்டு. மாத்திரை ஒன்று. (காலையில் ஒன்று. மத்தியானம் எடுத்ததைக் கேள்வியில் கேட்கவில்லை.)

இன்று கூட்டுறவு சொசைட்டி மேனேஜர் அம்மாவுக்கு மூன்றாவது கிளாஸ். பிரேக் எது என்று நான் கேட்டால், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, இல்லாவிட்டால் இந்த ஊர்ச் சந்தையில் பாதிக் காய்கறி இன்றைக்குக் கூட்டாகியிருக்கும். இருபத்தாறு வருடமாக வலது காலால் பூமியின் சுழற்சியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கழுத்து இறுகாமல் என்ன செய்யும்?

பிப்ரவரி 16, ஞாயிறு

சுலோச்சனா என் சட்டைகளைத் துவைக்கப் போடும்போது பைகளில் இருந்து எட்டுக் காலி மாத்திரை அட்டைகளை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டாள். ஒன்றும் பேசவில்லை. இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் பேசாமல் இருந்த நாட்கள் மொத்தம் நான்கு. இதோடு ஐந்து. எல்லாம் பழைய அட்டைகள் என்று சொன்னேன். அவள் ஒன்றைத் திருப்பி, தேதியை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். எனக்கு வெள்ளெழுத்து என்றேன்.

டாக்டரம்மாவுக்காக உண்மையை எழுதிவிடுகிறேன். பிறகு இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாம். போன வருடத்துக்கு முந்தின மார்கழியில் உள்ளூர் டாக்டர் ஒருவர் வலி மாத்திரையும், ராத்திரிக்கு அந்தக் குட்டி வெள்ளையும் எழுதிக் கொடுத்தார். குட்டி, நரம்பைத் தளர்த்தித் தூங்க வைக்கிற சாதி. பத்து நாளைக்கு மட்டும் என்று கோடு போட்டு எழுதினார். பத்து நாளும் சொர்க்கம். கயிறு கட்டுகிறவன் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான். சொர்க்கத்துக்கு யாராவது பத்து நாள் டிக்கெட் எடுப்பார்களா? அந்த மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிட்டேன்.

மெடிக்கல் கடை பழனியப்பனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் சீட்டை உயர்த்திக் காட்டுவேன், செக்போஸ்ட்டில் மந்திரி காரைப் பார்த்த போலீஸ்காரன்போல் அவன் தலையசைப்பான். அரை மாத்திரை ஒன்றானது. ஒன்று இரண்டானது. போன ஆடியில் இருந்து மத்தியானமும் ஒன்று. என் உயரத்துக்கும் கீர்த்திக்கும் அது அதிகமில்லை.

வலி: பத்துக்குப் பதினொன்று. மாத்திரை: இன்று எண்ணவில்லை.

பிப்ரவரி 19

இன்று வலியே இல்லை என்று எழுத ஆசை. எட்டு.

கோமதி வந்தாள். என் ஒரே தங்கை. கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தது பாப்பா. அந்தப் பதினொரு வருடத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான் கார் ஓட்டின தூரத்தைக் கூட்டினால், நிலாவுக்குப் போய் அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். பங்குனியில் நம் மாரியம்மன் கோயில் பொங்கல் அன்று, மார்ச் பத்தொன்பதாம் தேதி, பாப்பாவுக்குக் காது குத்து. மாமன் மடி என்னுடையது. வேறு மடிக்கு இடமில்லை, கோமதிக்குக் கூடப் பிறந்தது நான் ஒருவன்தான்.

மாப்பிள்ளை அங்கமுத்துவும் வந்திருந்தார். விசைத்தறிக்குப் பாவு நூல் ஓட்டித் தருகிறவர். பேச்சை எல்லாம் நூலோடு சேர்த்து இழுத்துவிட்டார்களோ என்னவோ, மனுஷன் வாயைத் திறந்தால் மூன்று வார்த்தைக்கு மேல் வராது. மச்சானுக்கு மடி பலமா என்று மட்டும் கேட்டார். யானையை உட்கார வைத்துக் காது குத்திய மடி என்றேன். அந்த மனிதர் சிரித்தார். வரலாற்றில் இது பதிவாகட்டும்.

பாப்பா என் மூக்கைப் பிடித்துத் திருகிப் பார்த்தது. கழன்று வரவில்லை என்று அதற்கு ஏமாற்றம்.

பிப்ரவரி 20

பத்துக்குப் பன்னிரண்டு. மாத்திரை ஒன்று. சரி, மூன்று.

பிப்ரவரி 24

டாக்டரம்மா கொடுத்த புது மாத்திரையும் நம் குட்டியும் ராத்திரி ஒன்பதரைக்கு என் வயிற்றில் சந்தித்து, பழைய ராணுவ நண்பர்கள்போல் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. தூங்குகிறேன் என்பது சின்ன வார்த்தை. அடக்கம் செய்யப்படுகிறேன். காலை ஏழு மணிக்கு சுலோச்சனா முகத்தில் தண்ணீர் தெளித்துத் தோண்டி எடுக்கிறாள். எழுந்தும் பத்து மணி வரை உலகம் ஒரு கம்பளிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இன்று கிளாஸில் மேனேஜர் அம்மா என் தோளைத் தட்டி, மாஸ்டர், நான் நிறுத்திட்டனுங்க, இறங்கலாமுங்களா என்றார். நன்றாக நிறுத்தியிருந்தார். நான் பார்க்கத்தான் இல்லை.

வலி: எழுந்ததும் ஒன்பது. எழுந்ததும் வலிக்கிறது, மாத்திரை போட்டால் நிற்கிறது, மாத்திரை தீர்ந்ததும் வலிக்கிறது. இந்த வட்டத்தை வைத்து ஒரு குடை ராட்டினமே நடத்தலாம்.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் வண்டி லேசாக ஒரு மைல்கல்லில் முட்டியது. அரசாங்கம் மைல்கற்களை ரோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நடுகிறது என்பதைப் பற்றி மேலிடத்துக்கு எழுத வேண்டும். நாய் ஒன்று குறுக்கே வந்தது. புலி அளவு நாய். வண்டிக்கு முன் பம்பரும் ஒரு விளக்கும் போயிற்று. வண்டியில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

வலி எழுதவில்லை.

பிப்ரவரி 28

நாய் கறுப்பு நிறம்.

மார்ச் 4, செவ்வாய்

கோயிலில் கம்பம் நட்டார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை மஞ்சள் பூசி நட்டு, ஊரே தண்ணீர் ஊற்றுகிறது. இருபது வருடமாக இல்லாத வழக்கமாக இன்று நானும் போய் நின்று, பூசாரி ஆண்டியப்பனிடம் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு. இனிப் பொங்கல் முடிகிறவரை கறி இல்லை, கட்டில் இல்லை, செருப்பு இல்லை, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

அதோடு நிற்பானா சென்னியப்பன். மாத்திரையும் இல்லை என்று அம்மன் முன்னால் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வலி மாத்திரை, குட்டி, டாக்டரம்மாவின் புதுசு, எல்லாவற்றையும் ஒரே அடியாக. வீட்டுக்கு வந்து அத்தனை அட்டையையும் சாக்கடையில் கொட்டினேன். லேமினேட் செய்த சீட்டை மட்டும் வெட்ட முடியவில்லை, கத்தரிக்கோல் வழுக்கியது. அடுப்பில் போட்டேன். நாற்றம்.

பதினைந்து நாள். பத்தொன்பதாம் தேதி பாப்பாவைச் சுத்தமான மடியில் வாங்குவேன். இதுவரை எந்தச் சக்கரவர்த்தியும் செய்யாத தியாகம்.

மார்ச் 5

பத்துக்குப் பதினெட்டு. மாத்திரை: பூஜ்யம். பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டரம்மா.

மார்ச் 6

தூங்கவில்லை. ஒரு நிமிஷம்கூட. பாயில் படுத்தால் பாய் நடுங்குகிறது. பாய் இல்லை, நான். மின்விசிறிச் சத்தம் ஹெலிகாப்டர் இறங்குகிற மாதிரி கேட்கிறது. சட்டை மூன்று தடவை நனைந்துவிட்டது. காலையில் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதிக் காபி பூமாதேவிக்குப் போய்விட்டது.

கிளாஸை ரத்து செய்தேன். அம்மனின் சோதனை என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். அம்மன் இத்தனை வருஷம் உங்களைப் பார்த்தே சோதனைப்பட்டுட்டா, திருப்பித் தர்றா என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 7

எழுத்து சரியாக வரவில்லை. வரி வரியாக எறும்பு ஊர்கிறது. காகிதத்திலா கண்ணிலா தெரியவில்லை. நெஞ்சு ஓடுகிறது, நான் நிற்கிறேன். சுலோச்சனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குட்டியைப் பற்றி. பதினாலு மாதம். ஒரு நாளைக்கு மூன்று.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

மார்ச் 8, சனி (எழுதுவது 10ஆம் தேதி, ஈரோட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்)

டாக்டரம்மா போனில் பேசியதை சுலோச்சனா ஒப்பித்தாள். வலி மாத்திரையை நிறுத்தியது சரி, கொஞ்ச நாள் வலி கூடி வரும், அப்புறம் இறங்கும். அந்தக் குட்டியை மட்டும் இப்படி ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. பதினாலு மாதம் பழகின உடம்பு வலிப்பு வந்து விழும், உயிருக்கே ஆபத்து, இப்பவே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வர மாட்டேன் என்றேன். எல்லை தாண்டக்கூடாது. காப்பு. அம்மனிடம் சொன்ன வாக்கு. இதைச் சொல்கிறபோது என் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அவள் வாதாடவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய், கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற கூட்டத்தைப் பிளந்து ஆண்டியப்பனைக் கையோடு கூட்டி வந்தாள். பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். என்னை விட நாலு வயசு சின்னவர்.

"ஏனுங் மாஸ்டர், உங்களை யாருங்க மாத்திரையை விடச் சொன்னது? கறியை விடச் சொன்னோம், செருப்பை விடச் சொன்னோம். உசுரை விடச் சொன்னோமுங்களா?"

கையை நீட்டினேன். அவரே கயிற்றை அவிழ்த்தார். என் கை ஆடிக்கொண்டே இருந்ததால் முடிச்சு பிடிபட நேரமானது. அம்மன் காலடியில் நான் வெச்சர்றேனுங்க, நீங்க வண்டி ஏறுங்க என்றார்.

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் எல்லையைத் தாண்டினேன். வாடகைக் கார். டிரைவர் பையன் என் பழைய மாணவன். நன்றாக ஓட்டினான். பாவி, அவனுக்கு அவ்வளவு நன்றாகவா சொல்லிக்கொடுத்தேன்?

மார்ச் 11

டாக்டர் ஜெயமேரி வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்த நோட்டை முதல் பக்கத்தில் இருந்து படித்தார். பத்துக்குப் பதினாலு வந்த இடத்தில் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பிப்ரவரி 24க்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

நான் அன்றைக்குக் கேட்டேனே, வேறு மாத்திரை உண்டா என்று. நீங்கள் ஆமாம் என்றிருந்தால் அந்த ராத்திரி மாத்திரையை நான் எழுதியே இருக்க மாட்டேன். இரண்டும் சேர்ந்தால் மனுஷனை அமுக்கிவிடும். மூச்சுக்கூடச் சிலருக்கு மந்தமாகும்.

இவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

குட்டியைத் திரும்பக் கொடுத்திருக்கிறார், அவர் கணக்கில். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போகணும், மாதக்கணக்காகும், அவசரப்படக்கூடாது. மாத்திரை சுலோச்சனா கையில் இருக்கும். டாக்டர் சொல்கிறவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. கழுத்துக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வாத்து மாதிரி முகவாயைப் பின்னால் இழுக்க வேண்டும். ஒரு சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சி.

போகும்போது பிப்ரவரி 27ஆம் தேதிப் பக்கத்தை விரலால் தொட்டு, இதையும் சரியாக எழுதிடுங்க என்றார்.

மார்ச் 14

வீட்டில். கை நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. வலி ஏழு. ஏழு என்றால் ஏழுதான்.

மார்ச் 15

பிப்ரவரி 27. நாய் இல்லை.

கோமதியும் பாப்பாவும் பின்சீட்டில் இருந்தார்கள். தடுப்பூசிக்குக் கூட்டிப் போனேன். காலை எட்டே முக்கால். கோமதி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், நான் ம் கொட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் ம் கொட்டவில்லை. நேரான ரோடு. கல்லில் முட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். கல் இல்லாவிட்டால் பத்தடியில் வாய்க்கால், தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாப்பா முன்சீட்டு முதுகில் மோதிக் கீழே விழுந்து அழுதது. நெற்றியில் புளியங்கொட்டை அளவு வீக்கம். இரண்டு நாளில் வடிந்தது.

நாய் என்று முதலில் சொன்னது கோமதி. அங்கமுத்து வந்து கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். நாய் குறுக்கே வந்துருச்சு, அண்ணன் வண்டியை ஒடிச்சதால தப்பிச்சோம் என்று. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

கறுப்பு நிறம் என்று எழுதியது மட்டும் என் சொந்தக் கைச்சரக்கு.

மார்ச் 17

சுலோச்சனாவிடம் சொன்னேன். கோமதி அன்னைக்கே எங்கிட்ட சொல்லி அழுதுட்டா என்றாள். அப்படியானால் நான் ஒருவன்தான் நாயை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையிடம் சொல்லாமல் அந்தக் குழந்தையை மடியில் வாங்க முடியாது. சொன்னால் மடியே இல்லாமல் போகலாம். இரண்டுக்கும் மாத்திரை இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

சாயங்காலம் நடந்தே போனேன், கோமதி வீட்டுக்கு. அங்கமுத்து பாவுப் பட்டறையில் இருந்தார். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னேன். ஜோடனை இல்லாமல். தூங்கிவிட்டேன், மாத்திரை, டாக்டரிடம் மறைத்தேன், நாய் இல்லை, கோமதி என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், அவளைத் திட்டாதீர்கள். நாளைக்கு உங்கள் பங்காளிகள் யாராவது மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. இருபத்தாறு வருடமாகக் கத்திக் கத்தி வளர்த்த குரல்.

அவர் ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்து, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். பிறகு மெஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் எதுவும் பேச முடியாது. வந்துவிட்டேன்.

வலி எட்டு. சுலோச்சனா கொடுத்தது மட்டும்.

மார்ச் 19, புதன்

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுலோச்சனா புது வேட்டியைக் கட்டில் மேல் எறிந்துவிட்டுத் தட்டு வரிசைக்குப் பழம் அடுக்கப் போனாள்.

கோயில் வேப்பமரத்தடியில் ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். பொங்கல் பானைப் புகை, மைக் செட், நெருக்கடி. ஊர்க்காரர்கள் நான் எல்லை தாண்டினதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ தெரியவில்லை, எல்லோருக்கும் திடீரென்று என்மேல் அன்பு. நான் ஓரமாக நின்றேன். மாமன் எங்கே, மாமனைக் கூப்பிடுங்க என்று யாரோ கத்தினார்கள். கோமதி என்னையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா அவள் இடுப்பில் இருந்தது.

அங்கமுத்து வந்து குழந்தையை அவளிடம் இருந்து வாங்கினார். என் எதிரில் வந்து நின்றார்.

"உக்காருங்க மச்சான்."

உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார். என் கைகள் லேசாக ஆடுவது அவருக்குத் தெரிந்தது. எனக்குப் பின்னால் மண்ணில் அவரும் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையை விட்டு என் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டார். தறிக்காரர் பிடி. அப்புறம், என் காதுக்கு மட்டும்:

"மடி உங்களுது. அதை நான் புடுங்கலீங்க. ஆனா எம்புள்ளைய வண்டியில ஏத்தற வேலை இனி உங்களுக்கு இல்லை."

மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார் என்று எழுதியிருந்தேன். தேவைப்பட்டால் பேசுகிறார். சரிங்க மாப்ள என்றேன். அதற்கு மேல் எனக்கு உரிமையில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

வலது காது, இடது காது. பாப்பா எழுப்பிய ஓலத்தை நான் மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. என் வேட்டியையும் நனைத்துவிட்டது. கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், காது குத்துக்கு மட்டும் அழுத மாதிரி இல்லை.

அழுது அழுது ஓய்ந்து பாப்பா என் மடியிலேயே தூங்கிப்போயிற்று. பந்தி போட்டார்கள், எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அங்கமுத்து எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி, ஆனால் பார்வைக்கு எட்டுகிற இடத்தில், ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கால் மரத்துப்போயிற்று. நெற்றியில் கயிறு மெல்ல இறுகிக்கொண்டிருந்தது. வெயில் சுற்றி வந்து முதுகில் ஏறியது. நேற்றும் சரியாகத் தூங்காத உடம்பு. கோமதி இரண்டு தடவை வந்து குழந்தையைக் கேட்டாள். எழுந்துக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம் என்றேன்.

ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம் தூங்கியது பாப்பா. நான் தூங்கவில்லை.